கடுக்கன் போட்ட டிராயிங் மாஸ்டர்

படத்தில் ஓரமாக நின்றவன் மஹாதேவன்தான். கூடப்பிறந்த தம்பியை அக்காவுக்குத் தெரியாமல் போகுமா? கதவிடுக்கு வழியாக, ஒற்றைக் கண்ணால், அதுவும் தலைகீழாகப் பார்த்தபோதே நாகலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டது. வந்தவருக்கென்று எடுத்துவந்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

முன்னறையில் அவள் புருஷன் பட்டாபிராமனுக்கு எதிரே போலீஸ் அதிகாரி, அந்தப் பேட்டைத் தாரோகா, உட்கார்ந்திருந்தார். போலீஸ் உடுப்பு இல்லை. வேட்டியும் சால்வையுமாக, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்கும் பட்டாபிராமனுக்கும் நடுவில் மேஜைமேல் அந்தப் படம். கல்கத்தாவில் பெஹாலாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். நடுவில் நாற்காலிகளில் வாத்தியார்கள். பூஜை லீவு விடுவதற்கு முன்னால் பட்டாபிராமன் போய் எடுத்துவந்த படம் அது. கடைசி வரிசையின் ஓரத்தில் நின்ற ஆள்மேல் தாரோகா ஒரு பூதக்கண்ணாடியை வைத்திருந்தார்.

"இவன்தான் டிராயிங் மாஸ்டர் நிபாரண்," என்றார் தாரோகா வங்காளியில். "சர்க்காருக்கு விரோதமாக நோட்டீஸ் அச்சடித்தவன். லீவில் காணாமல் போய்விட்டான். ஹெட்மாஸ்டரிடம் இந்தப் படத்தை நீட்டினேன். 'இவன்தான்' என்று விரலை வைத்துக் காட்டினார். மறுவாரமே ரிட்டயராகிக் காசிக்குப் போய்விட்டார், புண்ணியவான். அது கிடக்கட்டும். காதைப் பாருங்கள் பாபு. இரண்டு காதிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. வங்காளி எவனாவது காதில் கல் போட்டுக்கொள்கிறானா?"

பட்டாபிராமன் பார்த்தார். பார்த்த வேகத்தில் அவருடைய கை தன் காதுக்குப் போயிற்று. அங்கேயும் கல் வைத்த கடுக்கன்தான்.

"நீங்கள் மதராஸ்காரர்கள்தான் போடுவது. ஆக, இவன் வங்காளியே இல்லை. வங்காளி வேஷம் கட்டிய மதராஸி. உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?"

"எனக்கென்ன தெரியும் சார்? கருப்புத் துணிக்குள்ளே தலையை விட்டால் எனக்கு எல்லாரும் தலைகீழாகத்தான் தெரிவார்கள்."

புருஷனின் குரல் ஏன் இப்படிக் கம்முகிறது என்று நாகலக்ஷ்மி யோசித்தாள். அவருக்கும் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் மறைக்கிறாரா?

"அன்றைக்குப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் எல்லாம் எனக்கு வேண்டும்," என்றார் தாரோகா.

"பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. தேடி எடுக்க வேண்டும்."

"தேடுங்கள். நாளை மறுநாள் வருகிறேன். அப்புறம் காளிகாட்டில் உங்கள் ஜனங்கள் வீடுகளை எல்லாம் ஒரு சுற்று பார்க்கப் போகிறேன். கடுக்கன் போட்ட வாலிபர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்!"

பட்டாபிராமன் வாங்கிவந்து நீட்டிய மோரைக் குடித்து, பேஷ் என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் சந்து முழுக்கக் கேட்க நடந்து போனார்.

தெற்கேயிருந்து கல்கத்தாவுக்கு வந்த நம்மவர்கள் எல்லாரும் ஆபீஸ், பேங்க், கம்பெனி என்று பேனா பிடிக்கப் போனார்கள். பட்டாபிராமன் ஒருவர்தான் அப்படிப் போகாதவர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த கையோடு கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கென்று வந்தவர், ஒரு வெள்ளைக்காரன் போட்டோக் கடையில் கணக்கெழுதப் போய், கணக்கை விட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடங்களுக்கே போய் எடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. குதிரைவண்டியில் முக்காலியும் காமிராவும் கண்ணாடிப் பெட்டியும் ஏறும். போய் இறங்கினால் பெஞ்சு தூக்குவதிலிருந்து எல்லாம் அவர்தான். குட்டைப் பிள்ளைகள் தரையில், நெட்டைகள் பெஞ்சின்மேல், வாத்தியார்கள் நாற்காலியில். மேகம் விலகக் காத்திருந்து, 'மூச்சு விடாதே' என்று மூடியைத் திறந்தால், சரியாக அந்த நேரத்தில் ஒரு பையனுக்குத் தும்மல் வரும். ஒரு பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வந்தால் மனிதருக்குக் குரலே இருக்காது.

படம் கழுவுகிற வீட்டு வேலை நாகலக்ஷ்மியுடையது. சந்துக் குழாயில் ஜலம் பிடித்துக் கொண்டுவந்து, கண்ணாடிகளைத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். கண்ணாடியில் படத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசை எலும்பை வேகவைத்து எடுப்பது என்று தெரிந்த அன்றைக்கு அவள் ஒரு ஆட்டம் ஆடினாள். வீட்டை விட்டே அனுப்பியிருப்பாள். சோறு போடுகிற தொழிலாயிற்றே என்று, கடைசியில் ஒரு கோடு போட்டாள். எந்தக் கண்ணாடியும் சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது. தொட்டால் குளித்துவிட்டுத்தான் அடுப்பு. ஒரு மார்கழியில் கை விறைக்கிறதென்று வெந்நீரில் அலசப் போய், ஒரு பள்ளிக்கூடமே வாத்தியாரோடும் பிள்ளைகளோடும் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போயிற்று. அன்றைக்கு ஆட்டம் ஆடினது பட்டாபிராமன்.

மஹாதேவன் சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கி வந்தான். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். காதில் கடுக்கன் மின்னியது. தினம் பார்க்கிற கடுக்கனிலிருந்து அன்றைக்கு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஏண்டா, ஞாயித்துக்கிழமை ஆனா எங்கேடா போறே?"

"டாக்குரியாவுக்குத்தான் அக்கா. ஆபீஸ் சிநேகிதன் ஆத்துக்கு."

"அங்கே என்ன?"

"சும்மா, சீட்டாடுவோம்."

"சீட்டாடிட்டு வந்தா எதுக்குடா கொல்லைப்புறமா நுழைஞ்சு நேரே குளிக்கப் போறே? ரெண்டு மாசமாப் பார்த்துண்டுதான் இருக்கேன். நெஜத்தைச் சொல்லு. பெஹாலாவுக்குப் போயிருக்கியா?"

"பெஹாலாவா? அது எந்தத் திக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதேடா! தாரோகா கையிலே உன் படத்தைப் பார்த்தேன். வங்காளிப் பசங்களோட நிக்கறே. நோட்டீஸ் அச்சடிக்கறியாமே! அம்மா போறச்சே உன்னை என் கையிலே புடிச்சுக் குடுத்துட்டுப் போனாளேடா." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மஹாதேவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தாரோகா என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, சத்தியமா நோட்டீஸும் இல்லை ஒண்ணும் இல்லை. டாக்குரியாவிலே... அவா ஆத்துலே..."

"என்னடா?"

"மீன் தின்னேன் அக்கா."

"என்னது?"

"இலிஷ் மீன். கடுகரைச்சு விட்டுப் பண்ணுவா. முதல்லே வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நோட்டீஸ் அச்சடிக்கலையே?"

"நோட்டீஸா? முள்ளு எடுக்கவே எனக்குப் பொழுது போறலை."

"மீன்தானேடா! மீன்தானே!" என்று அவன் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகுதான் என்ன சொன்னான் என்று முழுசாக உறைத்தது. "சீ! எழுந்திரு. கிட்ட வராதே. போய்த் தலையிலே ஜலத்தைக் கொட்டிண்டு வா."

அவன் எழுந்திருக்கவில்லை. "நான் போகாத இடத்திலே என் படம் எப்படிக்கா வந்துது?" என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருட்டறைக் கதவைப் பார்த்தார்கள். தாரோகா போனதிலிருந்து பட்டாபிராமன் அதற்குள்ளேதான் இருந்தார். வேலை ஒன்றும் நடக்கிற சத்தம் இல்லை.

"ஏன்னா! வெளியிலே வாங்கோ!"

கதவு திறந்தது. மூடின கதவுக்குப் பின்னால் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று முகமே சொல்லிற்று.

"நீதாண்டா அது," என்றார் மைத்துனனைப் பார்த்து. "ஆனா நீ இல்லை. போன வருஷம் புது லென்ஸ் வந்தப்போ மொட்டைமாடியிலே உன்னைத் தள்ளி நிறுத்தி ஒண்ணு எடுத்தேனே, அந்தத் தலை."

"என் தலையா அத்திம்பேர்?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? அந்த டிராயிங் மாஸ்டர் பண்ணின கூத்தைக் கேளு. நாற்காலியிலே உட்காருங்கோன்னா மாட்டேங்கறான். கடைசி வரிசையிலே ஓரமாப் போய் நிக்கறான். சரி நில்லுன்னு மூடியைத் திறக்கறேன், தலையை ஆட்டறான். இன்னொரு கண்ணாடி போட்டேன். மறுபடியும் ஆட்டறான். ஆத்துக்கு வந்து கழுவிப் பார்த்தா அத்தனை பேர் மூஞ்சியும் பளிச்சுன்னு இருக்கு. அவன் மூஞ்சி மட்டும் ஜலத்திலே கரைஞ்ச சந்தனமாட்டம் இருக்கு. ஏன் ஆட்டினான்னு இப்பத்தானே தெரியறது!"

"மறுபடியும் போய் எடுக்கப்படாதோ?" என்றாள் நாகலக்ஷ்மி.

"லீவு விட்டாச்சு. ஹெட்மாஸ்டருக்குப் பிரிவுபசாரப் படம் அது. ஒருத்தர் மூஞ்சி கலைஞ்சிருந்தாலும் வாங்கமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டார். அதனாலே உன் தம்பி தலையைக் கத்தரிச்சு ஒட்டினேன். ஒட்டினதை மறுபடியும் ஒரு படமா எடுத்துக் குடுத்துட்டேன். ஒட்டின அட்டை உள்ளே பெட்டிக்கடியிலே கிடக்கு."

"இனிமே தலை மாத்தறதில்லைன்னு காளி கோவில்லே சத்தியம் பண்ணினேளே?"

"பசங்க தலையைத்தான் மாத்தறதில்லைன்னேன். வாத்தியாரைப் பத்திச் சொல்லலை."

நாகலக்ஷ்மி பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் பார்த்துப் பார்த்துத்தாண்டி பண்ணினேன். நெத்தி விபூதியை மையாலே மூடினேன். முன்தலைக்கு மயிர் வெச்சேன். குடுமியை அழிச்சேன்."

"கடுக்கன்?"

"அது கண்ணிலேயே படலை. ஆம்பளைன்னா காது இருக்கும், காதுன்னா கடுக்கன் இருக்கும். அதை யார் பார்ப்பா?"

"ஹெட்மாஸ்டர்கூடவா பார்க்கலை?"

"அவர் பார்த்தார். ஜன்னல்கிட்ட எடுத்துண்டு போய் ரொம்ப நாழி பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். 'ரொம்பத் தெளிவா இருக்கு'ன்னு சொல்லி வாங்கிண்டார். அப்பவே எனக்குச் சந்தேகம். தெரிஞ்சேதான் வாங்கிண்டிருக்கார். தெரிஞ்சேதான் போலீஸ்கிட்ட விரலை வெச்சுக் காட்டியிருக்கார்."

"தன் வாத்தியாரைத் தப்புவிக்க என் தம்பியைக் காட்டினாரா?"

"உன் தம்பி ஒருத்தன் இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் மையாலே வரைஞ்ச பொம்மைன்னு நெனச்சிருப்பார்."

மஹாதேவன் தன் காதைத் தடவிக்கொண்டான். "கடுக்கனைக் கழட்டிடட்டுமா?"

"ஓட்டையை என்ன பண்ணுவே? இந்தச் சந்துலே உன்னைக் கடுக்கனோட பார்க்காதவா யார்?" என்றார் பட்டாபிராமன். "பயப்படாதே. வழி ஒண்ணு இருக்கு."

அவர் உள்ளே போய்க் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அன்றைக்கு வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே ஒன்று எடுத்திருந்தார். காமிராவுக்குப் பக்கத்திலேயே டிராயிங் மாஸ்டர் குனிந்து நின்று ஒரு சின்னப் பையனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். படம் எடுப்பது அவனுக்குத் தெரியாது. முகம் துல்லியமாக விழுந்திருந்தது.

"இந்தத் தலையையே ஒட்டியிருக்கலாமே?" என்றான் மஹாதேவன்.

"எவ்வளவு பெரிசா விழுந்திருக்கு பார். எலுமிச்சங்காய் இருக்கற இடத்திலே பூசணிக்காயை ஒட்டவா? ஆனா இப்போ உதவும். 'ஹெட்மாஸ்டர் தப்பாக் காட்டிட்டார். ஓரத்திலே நின்னவன் யாரோ ஊருக்குப் போற வழியிலே எட்டிப்பார்த்த மதராஸி, ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டான். உங்க டிராயிங் மாஸ்டர் இதோ'ன்னு தாரோகா கையிலே இதைக் குடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் மஹாதேவனை யார் தேடப் போறா?"

"தலையை ஒட்டினேன்னு நெஜத்தைச் சொல்லிட்டா?" என்றாள் நாகலக்ஷ்மி.

"அதோட என் கடையை மூடிட வேண்டியதுதான். தலை மாத்தறவன்னு பேர் வந்தா எந்த ஸ்கூல்லே உள்ளே விடுவான்? எட்டு வருஷம் வெயில்லே நின்னு சம்பாதிச்ச பேருடி."

நாகலக்ஷ்மி தம்பியைப் பார்த்தாள். அவன் காதை விட்டுக் கையை எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"குடுத்துடுங்கோ," என்றாள். "யாரோ எவனோ. என் தம்பி எனக்கு."

காலையில் குழாயடியில் சாருபாலா நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. நாகலக்ஷ்மிக்கு வங்காளி சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அக்கா முறை வைத்துத் தீதி தீதி என்று இவளும், பட்டோல் காய் வதக்கும்போதெல்லாம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பி அவளுமாக இருந்த உறவு, மழைக்காலத்தில் அவளுடைய தம்பி அனுகூலைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து சுருங்கிவிட்டது. கார்த்திகை மாதத்துக் கரிப்புகை சந்தில் தரையோடு படிந்திருந்தது. குடம் நிரம்பியும் சாருபாலா நகரவில்லை.

"நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தவர் யார்?"

"படம் எடுத்துக்கொள்ள வந்தவர், தீதி."

"படம் எடுத்துக்கொள்ள வந்தவர் தலைகூட வாராமலா வருவார்? அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வாசலில் கேட்ட சத்தம்தான்."

நாகலக்ஷ்மி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுகூலைப் பிடிக்க வந்தபோது அவர்கள் கையில் ஒரு காலேஜ் படம் இருந்தது. எத்தனையோ முகங்களுக்கு நடுவே அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். எங்கள் அம்மா அந்த வட்டத்தைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. அந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கிறவரைதான் உன்னோடு பேசுகிறேன்."

வீட்டுக்குள் வந்ததும் நாகலக்ஷ்மி குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"அனுகூல் இருந்த படம் நீங்க எடுத்ததா?"

பட்டாபிராமன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். "எத்தனையோ காலேஜ்லே எடுக்கறேன். வித்த படம் யார் கையிலே போறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்தேளா, இல்லையா?"

"தெரியாதுன்னேனே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாகலக்ஷ்மி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்று பயமாக இருந்தது.

தாரோகா வருவதாகச் சொன்ன நாளில் மஹாதேவன் வயிற்றுவலி என்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு உள்ளே சுருண்டு கிடந்தான். பட்டாபிராமன் அந்தக் கண்ணாடியைத் தூசி தட்டி ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நாகலக்ஷ்மி கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கண்ணாடியில் எல்லாம் எதிர்மாறு. தலைமயிர் வெள்ளை, முகம் கறுப்பு. பார்த்துப் பழகிய கண்ணாதலால் அவளுக்கு முகம் தெரிந்தது. மாஸ்டருக்கு மஹாதேவன் வயசுதான் இருக்கும். பையனுக்குக் கழுத்து கூசியிருக்க வேண்டும், தோளைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். ஒரு விரலால் அவன் மோவாயை உயர்த்திப் பிடித்து, மற்றக் கையால் மேல் பித்தானை மாட்டிக்கொண்டிருந்தான் அந்த மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மஹாதேவனுக்கு அவள் அப்படித்தான் போட்டுவிடுவாள். அவனும் அப்படித்தான் தோளைத் தூக்குவான்.

இந்த மாஸ்டருக்கும் ஒரு அக்கா இருப்பாள். கதவிடுக்கில் நின்று பார்ப்பாள். இரண்டு நாளாகத் தான் பட்டபாடு நாகலக்ஷ்மிக்குத் தெரியும். அதை இன்னொருத்திக்கு எடுத்துக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் கொடுக்காவிட்டால் தம்பி போவான். இரண்டும் வேண்டாமென்றால் மிச்சம் இருப்பது ஒரே வழிதான். அதை நினைத்தபோது வெயிலில் நின்று கறுத்துப்போன புருஷனின் கழுத்து ஞாபகம் வந்தது.

சோறு வெந்த வாசனை வந்தது. நாகலக்ஷ்மி கண்ணாடியோடு சமையலறை வாசற்படியைத் தாண்டினாள். கோடு போட்ட நாளாகத் தாண்டவிடாத படி. தொட்டியின்மேல் கண்ணாடியைச் சாய்த்து, வெண்கலப் பானையைத் துணியால் பிடித்து, கொதிக்கக் கொதிக்க அதன்மேலேயே கஞ்சியை வடித்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரத்தில் சுருக்கம் விட்டது. பையனும் பித்தானும் மாஸ்டரும் ஒரே தோலாக உரிந்து, கஞ்சியோடு கஞ்சியாக வழிந்து போனார்கள்.

வெறும் கண்ணாடியைப் பழையபடி ஜன்னலில் அவள் சாய்த்துவைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தேடிவிட்டேன் சார்," என்று பட்டாபிராமன் முன்னறையில் சொல்வது கேட்டது. "அந்தப் படத்தைவிட நல்லதாக ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு நிமிஷம்."

ஜன்னலுக்கு வந்தார். துடைத்து வைத்த மாதிரி வெறும் கண்ணாடி அங்கே சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு திகைத்துப்போய் முன்னறை வாசலில் நின்றார். தாரோகா வந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என்ன இருக்கிறது?"

"நான்தான் கழுவிவிட்டேன்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் நாகலக்ஷ்மி பேசுவது அதுதான் முதல் தடவை. சாருபாலா கற்றுக்கொடுத்த வங்காளியைத் தட்டுத் தடுமாறிப் பேசினாள். "அழுக்குக் கண்ணாடி என்று நினைத்தேன். சாமி படத்துக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது."

தாரோகா கண்ணாடியின் மூலையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் எடுத்தார். அதைப் பார்த்தார். கதவோரத்தில் நின்ற அவளைப் பார்த்தார். பட்டாபிராமனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பார்வை தன்னை அதிகம் சுட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

தாரோகா வாயைத் திறப்பதற்குள் அவள் இருட்டறைக்குள் போய், பெட்டிக்கடியில் இருந்த ஓர் அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பட்டாபிராமனுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"நாகு, வேண்டாம்," என்றார் தமிழில்.

"மஹாதேவா, இங்கே வாடா!"

மஹாதேவன் குடுமியும் கடுக்கனும் விபூதியுமாக வந்து நின்றான். தாரோகா எழுந்தே விட்டார்.

"இவன் என் தம்பி. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. தலை இவனுடையது. படத்தில் நின்றது இவன் இல்லை. பாருங்கள்."

அட்டையின் ஓரத்தில் நின்ற ஆளின் கழுத்தில் அவள் நகத்தை வைத்து மெல்ல நெம்பினாள். நன்றாக ஒட்டிய பசை. கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, மஹாதேவனின் முகம் கடுக்கனோடு அவள் விரலில் வந்துவிட்டது. அதற்கடியில் கலங்கலாக, கண்ணும் மூக்கும் இல்லாமல் ஒரு வெளிறல் இருந்தது.

"அந்த மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டார். படம் கெட்டுப்போயிற்று. என் வீட்டுக்காரர் இவன் தலையை வெட்டி ஒட்டிவிட்டார். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இப்படித்தான் செய்வார்."

கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். ஆனால் அதைச் சொல்லாமல் தாரோகா நம்பியிருக்கமாட்டார்.

தாரோகா மஹாதேவனின் காதையும் அவள் விரலில் இருந்த காதையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டிய தலையோடு இருந்த இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வங்காளி வேஷம் கட்டிய மதராஸியைத் தேடுகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"ஹெட்மாஸ்டர் இவன்தான் என்றாரே!"

"முகம் புளியங்கொட்டை அளவுதானே சார்," என்றார் பட்டாபிராமன் ஈனஸ்வரத்தில். "வயசான கண்."

"நீர் பேசாதேயும்! சர்க்காரையே ஏமாற்றுகிற படமா எடுக்கிறீர்? இனி எந்தப் பள்ளிக்கூட வாசலில் உம்முடைய முக்காலி நிற்கிறது என்று பார்க்கிறேன். நானே ஆள் அனுப்பிச் சொல்லச் சொல்கிறேன்."

அட்டையையும் இரண்டு கண்ணாடிகளையும் சால்வைக்குள் இடுக்கிக்கொண்டு இறங்கினார். வாசற்படியில் நின்று நாகலக்ஷ்மியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வெறும் கண்ணாடி இன்னும் மேஜைமேல் இருந்தது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே போனார்.

எதிர் ஜன்னலில் சாருபாலா நின்றிருந்தாள். தாரோகாவின் சால்வைக்குள் இருந்து கண்ணாடியின் ஓரம் வெயிலில் பளபளத்தது. அவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழுவிவிட்டதை ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று நாகலக்ஷ்மிக்குத் துடித்தது. சொன்னால் சந்துக்குத் தெரியும், சந்துக்குத் தெரிந்தால் தாரோகாவுக்குத் தெரியும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

மஹாதேவன் அக்காவின் காலைத் தொடக் குனிந்தான். "போடா, போய் இலை போடு," என்று விரட்டினாள்.

பட்டாபிராமன் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வெறும் இலையில் ஜலத்தைத் தெளித்துத் துடைத்தார்.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டியேடி, நாகு."

"ஆமாம்," என்றாள் அவள். "யாரையாவது ஒருத்தரைக் காட்டிக் குடுத்தே ஆகணும்னு வந்துடுத்து. அந்த வாத்தியார்ப் பையன் தாங்கமாட்டான். இவனும் தாங்கமாட்டான். நீங்க என் மனுஷர். உங்களைத்தான் குடுக்க முடிஞ்சுது."

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் கொட்டிற்று. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. ஆறிப்போன சோற்றைக் கையால் உதிர்த்து அவர் இலையில் போட்டாள்.

அவர் சோற்றில் குழி பண்ணிக்கொண்டு, "ரசம்?" என்றார்.